வெள்ளை முயலுக்கு ஏன் சிவப்புக் கண்?

வெள்ளை முயலின் முகத்தை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? பஞ்சு போன்ற உடல். கண் மட்டும் சிவப்பு! ஏன் தெரியுமா?

தோல், முடி, கண் ஆகியவற்றுக்கு நிறம் தருவது மெலனின் என்ற நிறமி. இது உருவாக, டைரோசினேஸ் என்ற நொதி வேலை செய்ய வேண்டும். பிறவியிலேயே அது வேலை செய்யாவிட்டால் முயலின் ரோமம் வெளுத்துவிடும். கண்ணிலும் நிறமி இருக்காது. அதனால் உள்ளே ஓடும் ரத்தத்தின் சிவப்பு வெளியே தெரிகிறது! இந்தக் குறைபாட்டின் பெயர் அல்பினிசம்.

இமாலயன் என்றொரு முயல் இனம் உண்டு. அதன் நொதி வெப்பத்தில் வேலை செய்யாது, குளிர்ச்சியில்தான் செய்யும். எனவே உடல் வெள்ளை. குளிர்ந்திருக்கும் காது, மூக்கு, பாதம், வால் மட்டும் கறுப்பு! வேடிக்கையாக இல்லை?

வெள்ளையாக இருப்பவை எல்லாம் அல்பினோ அல்ல. வெள்ளைப் புலிக்குக் கறுப்புக் கோடுகளும் நீலக் கண்களும் உண்டு. அதன் உடலில் மெலனின் இருக்கிறது என்பதற்கு அந்தக் கோடுகளே சாட்சி.

மெலனின் அழகுக்கு மட்டுமல்ல. வெயிலில் இருந்து தோலைக் காக்கும் குடையும் அதுதான். ஆப்பிரிக்காவின் ஈக்வடோரியல் கினியில் 1966-ல் ஒரு வெள்ளைக் கொரில்லாக் குட்டி பிடிபட்டது. ஸ்பெயினின் பார்சிலோனா மிருகக்காட்சி சாலையில் வளர்ந்த அதன் பெயர் ஸ்னோஃபிளேக். 2003-ல் தோல் புற்றுநோயால் அது இறந்தது.

மனிதர்களிலும் அல்பினிசம் உள்ளவர்கள் உண்டு. பெரும்பாலும், தாய், தந்தை இருவரிடமிருந்தும் அதற்கான மரபணு வந்து சேர்ந்தால்தான் குழந்தைக்கு இது ஏற்படும். பெற்றோர் இருவரும் மாநிறமாகவோ கறுப்பாகவோ இருக்கலாம். இது தொற்றுநோய் அல்ல. தொட்டாலோ, சேர்ந்து சாப்பிட்டாலோ ஒட்டாது.

இவர்களுக்கு வெயிலில் கண் கூசும். பார்வை மங்கலாக இருக்கும். கண்ணாடி போட்டாலும் முழுதாகச் சரியாகாது. உங்கள் வகுப்பில் அப்படி ஒரு நண்பன் கரும்பலகையைப் படிக்கத் திணறினால், அவன் படிப்பில் மந்தம் என்று நினைத்துவிடாதீர்கள். எழுத்து அவன் கண்ணுக்கு எட்டவில்லை, அவ்வளவுதான்! முதல் பெஞ்சில் இடம் கொடுங்கள். கரும்பலகையில் உள்ளதை வாசித்துச் சொல்லுங்கள். விளையாட நிழலான இடத்தைத் தேர்ந்தெடுங்கள். "வெள்ளைக்காரா" என்று பட்டப்பெயர் வைக்காமல், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

ஜூன் 13, உலக அல்பினிசம் விழிப்புணர்வு நாள். 2015 முதல் கடைப்பிடிக்கப்படுகிறது. இந்த விவரங்களை அன்று பள்ளிப் பிரார்த்தனைக் கூட்டத்தில் நீங்களே எடுத்துச் சொல்லலாமே!