வறுமையை யாரிடம் கேட்பது?

வறுமை பற்றிப் பேசுவோர் பலர். அரசாங்கம் பேசுகிறது. பல்கலைக்கழகங்கள் பேசுகின்றன. தொண்டு நிறுவனங்கள் பேசுகின்றன. ரமழான் வந்தால் நமது மிம்பர்களும் பேசுகின்றன. இவ்வளவு பேச்சிலும் அநேகமாக வாய் திறக்காதவர் ஏழை ஒருவர்தான். அவரைப் பார்க்கிறோம், எண்ணுகிறோம், படம் பிடிக்கிறோம். 'உங்கட கஷ்டம் என்ன?' என்று கேட்டுவிட்டு, பதில் முடியும் வரை உட்கார்ந்திருப்பது மட்டும் அரிது.

ஏழைகள் தம் வறுமையைப் பற்றிச் சொல்வதற்கும், மற்றவர்கள் அதை அளப்பதற்கும் இடையிலுள்ள தூரத்தை இக்கட்டுரை நோக்குகிறது. அத்தூரம் நமது ஸகாத் விநியோகத்திலும் இருக்கிறதா என்பதே என் கேள்வி.

அளவுகோல் காண்பதும் காணாததும்

2019 ஆம் ஆண்டின் வீட்டு வருமான, செலவின மதிப்பீட்டின்படி இலங்கையின் வறுமைக்கோடு ஓர் ஆளுக்கு மாதம் 6,966 ரூபா. அதற்குக் கீழே இருந்தோர் சனத்தொகையில் 14.3 வீதம். 2022 இன் பொருளாதார நெருக்கடி இக்கணக்கைத் தலைகீழாக்கியது. 2023 இல் சமுர்த்தி உதவிக்குப் பதிலாக 'அஸ்வெசும' வந்தது. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு வசதி, குடும்ப அமைப்பு ஆகிய 6 துறைகளில் 22 குறிகாட்டிகளை வைத்துக் குடும்பங்களுக்குப் புள்ளியிட்டு, நான்கு வகுப்புகளாகப் பிரித்தார்கள். தொடக்கத்தில் அவற்றுக்கான மாதக் கொடுப்பனவு 2,500, 5,000, 8,500, 15,000 ரூபா. பட்டியல் வெளியானதும் இலட்சக்கணக்கில் மேன்முறையீடுகள் குவிந்தன. 'நீங்கள் என்னை அளந்தது சரியில்லை' என்று ஒரு நாட்டின் வறியவர்கள் ஒரே நேரத்தில் சொன்ன சந்தர்ப்பம் அது.

அளவுகோல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் உதவி வேண்டியவர் வேண்டப்படாதவர் பார்த்துத்தான் போகும். ஆனால் அளவுகோல் இன்று வீட்டில் இருப்பதைக் காண்கிறது. நேற்று இருந்தது எது, நாளை யாருக்குக் கொடுக்க வேண்டியது எது, கேட்கப் போகையில் முகம் எப்படிக் கறுக்கிறது என்பவற்றை அது எளிதில் காண்பதில்லை.

கேட்டுப் பார்த்தவர்கள் கண்டது

இந்தியப் பொருளியலாளர் என்.எஸ். ஜோதா ராஜஸ்தானின் இரண்டு கிராமங்களை 1963-66 காலத்திலும், மீண்டும் 1982-84 காலத்திலும் ஆராய்ந்து, 1988 இல் எழுதிய கட்டுரை இத்துறையில் மிகவும் பேசப்பட்டது. 'நல்ல வாழ்வு என்று நீங்கள் எதைச் சொல்வீர்கள்?' என்று அவர் கிராமத்தவரிடமே கேட்டார். வந்த பதில்களிலிருந்து 38 அளவுகள் திரண்டன. மெய்வருமானம் 5 வீதத்துக்கு மேல் குறைந்துபோன குடும்பங்களை அந்த அளவுகளால் பார்த்தபோது, 38 இல் 37 அளவுகளில் அவர்கள் முன்னைவிட மேலான நிலையில் இருந்தார்கள். பண்ணையாரின் காணியில் குடியிருக்க வேண்டியதில்லை, பஞ்ச காலத்தில் அவர் வாசலில் தானியத்துக்கு நிற்க வேண்டியதில்லை என்பவை அவர்களுக்குக் காசைவிடப் பெரியவையாக இருந்தன. வருமானக் கணக்கை மட்டும் பார்த்தவர்களுக்கு அவர்கள் மேலும் ஏழையானவர்கள். அவர்களுடைய கணக்கில் அவர்கள் ஒருவனின் பிடியிலிருந்து வெளியே வந்தவர்கள்.

2000 ஆம் ஆண்டளவில் உலக வங்கி 'ஏழைகளின் குரல்கள்' என்ற பெயரில் ஏறக்குறைய 60 நாடுகளில் 60,000 பேர் சொன்னவற்றைத் தொகுத்தது. பசியோடு அவமானமும் அச்சமும் அதிகாரிகளின் அலட்சியமும் அதில் திரும்பத் திரும்ப வந்தன. 2019 இல் ஏ.டி.டி. நான்காம் உலகம் என்ற இயக்கமும் ஆக்ஸ்போர்ட் பல்கலைக்கழகமும் பங்களாதேஷ், பொலிவியா, பிரான்ஸ், தான்சானியா, பிரித்தானியா, அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் செய்த ஆய்வில் வறியவர்கள் தகவல் தருவோராக மட்டுமன்றி ஆய்வாளர்களாகவும் அமர்ந்தார்கள். வறுமைக்கு ஒன்பது பரிமாணங்கள் உண்டென்று அவ்வாய்வு கண்டது. வருமானமின்மை, வேலையின்மை போன்றவற்றோடு, சமூகம் நடத்தும் விதம், நிறுவனங்கள் நடத்தும் விதம், தம் உழைப்பும் அறிவும் மதிக்கப்படாமை என்பவையும் அவற்றுள் அடங்கும்.

நல்லூர் ஒழுங்கைகளில் கேட்டவை

இனி நம் ஊருக்கு வருவோம். நான் நல்லூரில் வசிக்கிறேன். நல்லூருக்கும் முஸ்லிம்களுக்கும் உள்ள தொடர்பு பழையது. யாழ்ப்பாண இராச்சியத்தின் தலைநகராக இருந்த இவ்விடத்தில் சோனகர் குடியிருந்தனர் என்ற மரபுச் செய்தி இன்றும் வழங்குகிறது. இன்று இங்கு முஸ்லிம் குடும்பங்கள் சிலவே. ஆயினும் சோனகத் தெருப் பக்கமிருந்து தொழிலுக்காக நாள்தோறும் இந்த ஒழுங்கைகளுக்கு வருவோர் பலர். பழைய இரும்பு, போத்தல் சேர்ப்பவர்கள், புடவை கொண்டு திரிபவர்கள், திருவிழா நாட்களில் வீதியோரம் கடை விரிப்பவர்கள். அவர்களுள் பழக்கமான சிலருடன் சில வருடங்களாகப் பேசி வருகிறேன். இதை ஆய்வு என்று சொல்ல மாட்டேன். கேட்டதை மட்டும், பெயர் சொல்லாமல், தருகிறேன்.

அவர்கள் சொல்வதை விளங்கிக்கொள்ள ஒரு திகதி தேவை. 1990 ஒக்டோபர் 30. அன்று விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு வெளியேறுவதற்குக் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். அந்த மாதத்தில் வடமாகாணத்திலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். பெரும்பாலோர் புத்தளத்தில் அகதியாயினர். 2009 இல் யுத்தம் முடிந்த பின் ஒரு பகுதியினர் திரும்பினர். மறைந்த பேராசிரியர் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ் இம்மக்களின் இழப்பையும் திரும்புதலின் தடைகளையும் பல்லாண்டுகள் எழுதிவந்தார். சட்ட, சமூக அறநிலையத்தின் பிரஜைகள் ஆணைக்குழு அவர்களுடைய வாக்குமூலங்களைக் கேட்டு 2011 இல் அறிக்கை வெளியிட்டது. ஆக, கேட்கும் மரபு நம்மிடம் இல்லாமல் இல்லை.

பெரியகடையில் ஒருகாலத்தில் குடும்பத்துக்குக் கடை இருந்த முதியவர் ஒருவர் சொன்னார்: "எங்கட வாப்பா ஸகாத் குடுத்தவர். நான் ஸகாத் எடுக்கிறன். இதுக்கு நடுவில என்ன நடந்தது எண்டு ஒருத்தரும் கேக்கயில்ல. அரிசிப் பையைத் தந்திட்டுப் போறாங்க." பறிபோனது என்று ஒருவர் ஏற்றுச் சொல்ல வேண்டும் என்பதே அவருடைய எதிர்பார்ப்பு. அரிசிப் பை அதற்கு ஈடாகாது.

இரும்பு சேர்ப்பவருக்கு நாற்பது வயதிருக்கும். "கணக்கெடுக்க வந்தவர் என்ர மோட்டார் சைக்கிளைப் பாத்தார், எழுதினார். அது லீசிங்கில நிக்குது, மாசாமாசம் கட்டோணும். அதைக் கேக்கயில்ல. சைக்கிள் இல்லாட்டி நான் எப்பிடி இரும்பு ஏத்திறது?" அவருக்கு அது தொழிற்கருவியும் கடனும். பார்த்தவருக்கு அது சொத்து. இன்னொரு சிக்கலையும் அவர் சொன்னார். மனைவியும் பிள்ளைகளும் புத்தளத்தில், பள்ளிக்கூடம் அங்கே, உழைப்பு இங்கே. "அங்க கேட்டா யாழ்ப்பாணத்து ஆள் எண்டுறாங்க. இங்க கேட்டா புத்தளத்து ஆள் எண்டுறாங்க. ரெண்டு ஊர்ப் பள்ளியிலயும் என்ர பேர் இல்ல." நிரந்தர வதிவு எது என்று படிவம் கேட்கிறது. முப்பது வருடத்துக்கு மேலாக அவரிடம் அதற்கு ஒற்றைப் பதில் இல்லை.

இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கும் பெண்ணுக்குச் செவ்வாய்க்கிழமைதான் பயம். அன்றுதான் நுண்கடன் காசு எடுக்க வருவார்கள். "வட்டி ஹராம் எண்டு எனக்குத் தெரியாதா? ஜும்ஆவில சொல்லுறாங்க. வட்டியில்லாம ஆர் தருவாங்க எண்டு மட்டும் சொல்லுறாங்க இல்ல." திருவிழாவில் கச்சான் விற்கும் தமிழ்ப் பெண்ணொருவர், யுத்தத்தில் கணவனை இழந்தவர், ஏறத்தாழ இதையே சொன்னார். ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன். காசு எடுப்பவர் வாசலில் நிற்கும்போது அயலார் பார்ப்பதுதான் அவருக்குப் பெரிய வேதனை. வடக்குக் கிழக்கில் இந்நிலை முற்றிய பின்னரே, 2018 இல், வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நிலுவைக் கடன்களை அரசு தள்ளுபடி செய்ய முன்வந்தது. பெண்கள் வீதிக்கு வந்து சொன்ன பிறகுதான் அது கேட்டது.

இந்தப் பேச்சுக்களில் ஒன்று எனக்குப் பட்டது. 'காசு இல்லை' என்பது அவர்களின் முதல் வாக்கியமாக இருக்கவில்லை. இழந்தது, கட்ட வேண்டியது, எந்த ஊராள் என்ற கேள்வி, முகம் கொடுக்க முடியாமை. இவற்றுக்குப் பிறகே காசு வந்தது.

ஃபிக்ஹ் திறந்து வைத்த கதவுகள்

இங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டும். மேற்சொன்ன ஆய்வுகள் கண்டதில் ஒரு பகுதி நமது மரபில் ஏற்கெனவே இருக்கிறது.

ஸகாத் பெறத் தகுதியானோர் எட்டு வகையினர் என்று அத்தவ்பா அத்தியாயத்தின் 60 ஆம் வசனம் வகுக்கிறது. அதில் ஃபகீர், மிஸ்கீன் என்ற இருவரோடு கடன்பட்டோர் தனி வகையினர். வழிப்போக்கர் தனி வகையினர். அதாவது, இடியப்பக்காரப் பெண்ணின் செவ்வாய்க்கிழமைக்கு அங்கே ஒரு தனிக் கதவு உண்டு. ஷாஃபிஈ மத்ஹபின் நூல்கள் இன்னும் நுட்பமாகப் பேசுகின்றன. குடியிருக்கும் வீடு இருப்பது ஒருவரை ஏழை என்ற நிலையிலிருந்து நீக்காது. தொழில் தெரிந்தவருக்கு அவருடைய கருவி வாங்கும் அளவும், வியாபாரிக்கு அவருடைய முதலும் கொடுக்கலாம். இரும்பு சேர்ப்பவரின் மோட்டார் சைக்கிளை அந்த இமாம்கள் பார்த்திருந்தால் என்ன எழுதியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கலாம்.

அல்பகரா அத்தியாயத்தின் 273 ஆம் வசனம் தன்மானத்தால் கேளாதிருப்போரைப் பற்றிப் பேசுகிறது. அறியாதவர் அவர்களைச் செல்வர் என்று எண்ணிவிடுவார் என்கிறது. வீடு வீடாக ஒரு கவளத்துக்குத் திரிபவரல்ல, போதுமானது இல்லாதிருந்தும் பிறரால் அறியப்படாதவரே மிஸ்கீன் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்ன ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உண்டு. இப்படிப்பட்டவர் வரிசையில் வந்து நிற்க மாட்டார். வரிசை வைத்துக் கொடுப்பவருக்கு அவர் கிடைக்கவும் மாட்டார். உதவி கேட்டு வந்த அன்ஸாரி ஒருவரிடம் நபியவர்கள் முதலில் 'உம் வீட்டில் என்ன இருக்கிறது?' என்று விசாரித்து, இருந்த விரிப்பையும் பாத்திரத்தையும் ஏலமிட்டு, அதில் ஒரு பங்கால் கோடரி வாங்கச் செய்த சம்பவம் அபூதாவூதில் பதிவாகியுள்ளது. உதவியின் வடிவம் அந்த மனிதரின் பதிலிலிருந்து பிறந்தது.

நமது நடைமுறை இதற்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது? இருபத்தேழாம் பிறைக்கு முந்திய நாள் வரிசை, கைக்கு ஒரு தாள், சில இடங்களில் ஒரு படம். கடன்பட்டோர், வழிப்போக்கர் ஆகிய பங்குகள் பெரும்பாலும் புத்தகத்தோடு நின்றுவிடுகின்றன.

கேட்பதிலும் பிழை நேரும்

கேட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் உண்மையல்ல. கொடுப்பவர் எதைக் கேட்க விரும்புகிறாரோ அதையே ஏழை சொல்லக்கூடும். கையில் படிவத்தோடு வருபவரிடம் ஆர்தான் முழுக் கதை சொல்லுவார்? கணவன் அருகில் இருந்தால் மனைவியின் கடன் வெளியே வராது. கூட்டத்தில் குரல் உயர்ந்தவரின் தேவையே ஊரின் தேவையாகிவிடும். கேட்டுவிட்டு எதுவும் மாறாவிட்டால் அடுத்த முறை மௌனம்தான் கிடைக்கும். ஆகவே தனித்தனியாக, ஒரு தடவைக்கு மேல், பெண்களிடம் பெண்கள் மூலம் கேட்க வேண்டும். சொன்னதை வீதியில் பேசாதிருப்பது அமானிதம்.

பள்ளிவாசல் நிர்வாகங்களும் ஸகாத் குழுக்களும் செய்யக்கூடியவை பெரிய செலவில்லாதவை. விநியோகத்துக்கு ரமழான் வரை காத்திராமல் ரஜப் மாதத்திலேயே வீடுகளுக்குச் செல்லலாம். நான்கு கேள்விகள் போதும்: முன்பு என்ன இருந்தது? இப்போது யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும்? கையில் என்ன தொழில் உண்டு? எந்த உதவி எப்படி வந்தால் உங்களுக்கு மனம் நோகாது? யாழ்ப்பாணம், புத்தளம் ஆகிய இரு ஊர்ப் பள்ளிகளும் தம் பட்டியல்களை ஒப்பிட்டுப் பார்த்தால் இரண்டிலும் விடுபட்டவர் தெரிய வருவார். ஸகாத்தின் ஒரு பகுதியைக் கடன் தீர்க்க ஒதுக்கி, ஸதகாவிலிருந்து வட்டியில்லாக் கடன் நிதியொன்றைத் தொடங்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, முன்பு ஸகாத் எடுத்தவர் இருவருக்காவது அந்தக் குழுவில் இடம் கொடுக்க வேண்டும். யாருக்கு எது என்று தீர்மானிக்கும் மேசையில் அவர்கள் இருந்தால், எழுதப்படாமல் போகும் லீசிங் காசைப் பற்றிக் கேட்க ஒருவராவது இருப்பார்.