கேமரா பெட்டிக்குள் ஒரு தேங்காய் மட்டை

விமானப் பயணத்தில் கேமராவுக்கு வரும் ஆபத்தில் பெரும்பங்கு வானத்தில் இல்லை, தரையில்தான் இருக்கிறது. பெட்டி பயணியின் கையை விட்டுப் போனதிலிருந்து சரக்கறையில் அடுக்கப்படும் வரையிலும், இறங்கிய பிறகு சுழலும் பட்டையில் வந்து விழும் வரையிலும் அதற்கு ஓய்வில்லை. சரிவில் வழுக்கி இன்னொரு பெட்டியில் மோதுகிறது, வண்டி விட்டு வண்டி மாறுகிறது. போயிங் 737 போன்ற விமானத்தின் வயிற்றில் உள்ள சரக்கறையில் ஆள் நிமிர்ந்து நிற்க முடியாது. ஊழியர்கள் மண்டியிட்டபடி ஒவ்வொரு பெட்டியாகக் கையால் இழுத்துத் தள்ளி அடுக்குகிறார்கள். 20 கிலோ பெட்டியை அந்த நிலையில் பூப்போல வைக்க யாராலும் ஆகாது. பெட்டி எப்படியும் ஒருமுறையாவது விழும் என்று வைத்துக்கொண்டே கணக்கைத் தொடங்க வேண்டும்.

ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் அரை விநாடிக்குள் தரையைத் தொட்டுவிடும். அப்போது அதன் வேகம் மணிக்கு சுமார் 16 கி.மீ., அதாவது நிதானமாக ஓடும் சைக்கிளின் வேகம். இந்த வேகம் ஒன்றும் செய்யாது. அது எவ்வளவு தூரத்துக்குள் பூஜ்யமாகிறது என்பதுதான் கேமராவின் தலையெழுத்து. விழுந்த உயரத்தை, நிற்க எடுத்துக்கொண்ட தூரத்தால் வகுத்தால், பொருள் தன் எடையைப் போல் சராசரியாக எத்தனை மடங்கு விசையைத் தாங்க வேண்டும் என்பது ஏறக்குறையக் கிடைத்துவிடும். சிமென்ட் தரையில் நேராக விழுந்து 1 மி.மீ.க்குள் நின்றால் 1,000 மடங்கு. லென்ஸோடு சேர்த்து 2 கிலோ எடையுள்ள கேமரா அந்தக் கணத்தில் 2 டன் சுமக்கிறது. அதே கேமரா 25 மி.மீ. நுரையை அமுக்கிக்கொண்டு நின்றால் 40 மடங்குதான், அதாவது 80 கிலோ.

அந்த 40 மடங்கும் சும்மா இல்லை. ஒன்றரை கிலோ டெலி லென்ஸைக் கேமராவில் மாட்டியபடியே வைத்தால், அதன் எடை மையம் மாட்டும் வளையத்திலிருந்து 15 செ.மீ. தள்ளி இருக்கும். 40 மடங்கு விசை அந்த நெம்புகோலின் நுனியில் இறங்கும்போது வளையத்தின் மேல் வரும் முறுக்கு சுமார் 90 நியூட்டன்-மீட்டர். கார் சக்கரத்தின் நட்டை மெக்கானிக் இறுக்கும் அளவுக்கு அது கிட்டத்தட்டச் சமம். இங்கே அதைத் தாங்க வேண்டியவை நகக்கண் அளவுள்ள சில திருகுகள். லென்ஸைக் கழற்றி, இரண்டு பக்கமும் மூடி போட்டுத் தனித்தனியே படுக்க வைப்பதற்குக் காரணம் இதுதான்.

நுரை மெத்தென்று இருப்பதால்தான் பொருளைக் காக்கிறது என்ற எண்ணம் பரவலாக உண்டு. சுருள்வில்லும் மெத்தென்றுதான் அமுங்குகிறது. ஆனால் வில் அமுங்க அமுங்க எதிர்ப்பு ஏறிக்கொண்டே போகும், கடைசி மில்லிமீட்டரில்தான் அது உச்சம் தொடும். சராசரி 40 மடங்கு என்றால் உச்சம் 80 ஆகிவிடும். உடைப்பது அந்த உச்சம். நுரை நடந்துகொள்ளும் விதமே வேறு. ஒரு துண்டு நுரையைக் கத்தியால் அறுத்து உருப்பெருக்கியில் பார்த்தால், காற்றறைகளும் அவற்றைத் தாங்கும் மெல்லிய கம்பிகளும் தெரியும். அழுத்தம் வரும்போது கம்பிகள் முதலில் விறைத்து நிற்கின்றன. ஒரு கட்டத்தில் பலவீனமான ஒரு வரிசை வளைந்து மடிகிறது. பிறகு அடுத்த வரிசை, அதற்கடுத்தது. ஒவ்வொரு வரிசை மடியவும் ஏறக்குறைய அதே விசைதான் தேவை. அதனால் நுரை தன் தடிமனில் பாதிக்கு மேல் நசுங்கும் வரையிலும் எதிர்ப்பு பெரிதாக ஏறுவதில்லை. விழும் பொருளின் வேகத்தை முதலிலிருந்து கடைசிவரை ஒரே சீராகப் பிடித்திழுக்கிறது. இருக்கும் சில சென்டிமீட்டரில் ஒரு துளி தூரமும் வீணாவதில்லை. எல்லா அறைகளும் நசுங்கிச் சுவரோடு சுவர் ஒட்டிய பிறகுதான் நுரை திடப்பொருளாகிறது. அதன்பின் அது இருப்பதும் ஒன்று, இல்லாததும் ஒன்று.

தென்னை இந்த வேலையை எப்போதோ கற்றுக்கொண்டுவிட்டது. 20 மீட்டர் உயரத்திலிருந்து விழும் நெற்று, மட்டை 5 செ.மீ. அமுங்கி நின்றால் 400 மடங்கு விசையைச் சந்திக்கிறது. ஓடு அதைத் தாங்குகிறது. உரித்த தேங்காயை அதே உயரத்திலிருந்து பாறையில் போட்டால் சிதறிவிடும். மட்டைக்குள் நாருக்கும் நாருக்கும் இடையே தக்கைபோல் லேசான துகள் நிரம்பியிருக்கிறது. காற்று நிறைந்த அந்தத் துகள்தான் நுரையின் வேலையைச் செய்கிறது. வெளித்தோல் வழவழப்பாக, தண்ணீர் புகாதபடி இருக்கிறது, அது பெட்டியின் பிளாஸ்டிக் ஓடு. சிரட்டை கேமராவின் உலோக உடல், பருப்பு உள்ளே இருக்கும் கண்ணாடிகள். தேங்காய் வாங்குகிறவர் காதருகே ஆட்டிப் பார்ப்பதைப் பெட்டி அடுக்குகிறவரும் செய்ய வேண்டும். வித்தியாசம் ஒன்றே. முற்றிய தேங்காயில் தண்ணீர் தளும்பினால் நல்லது, பெட்டிக்குள் எதுவும் தளும்பக் கூடாது. ஒரு விரல் இடைவெளியில் ஆடும் லென்ஸ், பெட்டி நின்ற பிறகும் பாய்ந்து போய்ச் சுவரில் தனியாக மோதும். இன்னொரு வேறுபாடும் உண்டு. தேங்காய் ஒருமுறைதான் விழ வேண்டும், அதன் மட்டை நசுங்கியே கிடந்தாலும் நட்டமில்லை. பெட்டி அடுத்த விமான நிலையத்திலும் விழும். ஆகவே மடிந்த அறைகள் மறுபடி நிமிர்ந்தாக வேண்டும், அதே சமயம் வாங்கிய ஆற்றலைத் துள்ளலாகத் திருப்பித் தராமல் வெப்பமாகக் கரைக்கவும் வேண்டும். நல்ல நுரையைக் கட்டைவிரலால் அழுத்தி விட்டால் பள்ளம் உடனே துள்ளி எழாது, நிதானமாக நிரம்பும்.

இதிலிருந்து கடைக்காரர் சொல்லாத ஒரு விஷயம் வெளிப்படுகிறது. ஒரு கேமராவுக்குப் பொருந்தும் நுரை இன்னொன்றுக்குப் பொருந்தாது. அறைகள் மடியத் தேவையான அழுத்தம் ஒவ்வொரு நுரைக்கும் நிலையானது. அதன் மேல் வரும் அழுத்தமோ பொருளின் எடையையும் படியும் பரப்பையும் பொறுத்தது. சிறிய, லேசான கேமராவைக் கெட்டியான நுரையில் அகலமாகப் படுக்க வைத்தால் ஒரு வரிசைகூட மடியாது, அதற்கு அந்த நுரை மரப்பலகைதான். கனமான டெலி லென்ஸைச் செங்குத்தாக நிறுத்தினால், அதன் சிறிய அடிப்பகுதி நுரையைத் துளைத்துக்கொண்டு அடிவரை போய்விடும். கனமானதைப் படுக்க வைப்பதும், லேசானதற்கு இளகிய நுரை தருவதும் இதனால்தான். எல்லாப் பக்கமும் 4, 5 செ.மீ. நுரை இருந்தால் நிம்மதி. கட்டம் கட்டமாகப் பிய்த்தெடுக்கும் நுரைகளில், பெட்டி நிறைய அடுக்கும் ஆசையில் இரண்டு லென்ஸ்களுக்கு நடுவே ஒரே ஒரு வரிசை மிஞ்சும்படி பிய்த்துவிடுகிறார்கள். அந்த மெல்லிய சுவர் பக்கவாட்டில் சாய்ந்து விலகும், கண்ணாடியும் கண்ணாடியும் முட்டிக்கொள்ளும்.

வரலாறு இங்கே சிறிதளவு போதும். பெட்டி நுரைகள் பலவற்றின் மூலப்பொருளான பாலியூரித்தேனை 1937இல் ஜெர்மனியில் ஓட்டோ பாயர் குழுவினர் உருவாக்கினர். பாயர் நிறுவனத்தைத் தொடங்கிய குடும்பத்துக்கும் அவருக்கும் உறவில்லை. கலவையில் தண்ணீர் சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு கிளம்பிக் குமிழ்களாகிறது, அதுதான் நுரை. இந்த வகையில் சில நுரைகளைத் தண்ணீரே மெல்லப் பிரித்தும் விடுகிறது. கடலோர ஊர்களில் அலமாரியில் பல வருடம் கிடந்த கேமரா பையைத் திறந்தால் கையில் ஒட்டும் பிசுபிசுப்பும் பொடியும் அதன் விளைவே. அப்படிப்பட்ட நுரை அமுங்காது, உதிரும். பெட்டி புதிதுபோல் இருந்தாலும் நுரையை மாற்றிவிட வேண்டும்.

பெட்டி விளம்பரங்களில் ‘ராணுவத் தரம்’ என்ற சொல் தாராளமாகப் புழங்குகிறது. மில்-எஸ்டிடி-810 என்ற அமெரிக்க ஆவணம் ஒரு சோதனை முறை, தேர்ச்சிச் சான்றிதழ் இல்லை. அதன் விழுதல் சோதனைகளில் ஒன்று, பொருளை 122 செ.மீ. உயரத்திலிருந்து முகம், விளிம்பு, மூலை என 26 முறை போடச் சொல்கிறது. எந்தச் சோதனை, எத்தனை முறை, உள்ளே என்ன வைத்து என்பதைச் சொல்லாத விளம்பரத்துக்கு மதிப்பில்லை. ஐபி67 என்பதும் அப்படித்தான். தூசு புகாது, ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பதே அதன் பொருள். விழுவதைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. ஓடு உடையாமல் தப்பிய பெட்டிக்குள் லென்ஸ் நொறுங்கிக் கிடக்கலாம். பணம் இருந்தால் முதலில் நுரைக்குச் செலவிடுவதே அறிவு.

சரக்கறையில் காற்றழுத்தமே இருக்காது, பொருள்கள் உறைந்துவிடும் என்ற பயம் தேவையற்றது. பயணிகள் விமானத்தில் பயணியின் அறைக்கும் சரக்கறைக்கும் ஒரே அழுத்தம்தான். அதிகபட்சம் 2,400 மீட்டர் மலையுச்சியில் இருப்பதற்குச் சமம், தரையழுத்தத்தில் முக்கால் பங்கு. கேமராவுக்கு இதனால் ஒன்றும் ஆகாது. காற்றுப் புகாத பெட்டிக்குத்தான் சிக்கல். லே விமான நிலையம் 3,256 மீட்டரில், அதாவது விமான அறையின் அழுத்த உயரத்தையும் தாண்டி இருக்கிறது. பனிச்சிறுத்தையைப் படமெடுக்கப் போனவர் அங்கே பெட்டியை மூடிச் சென்னைக்கு வந்து திறக்கப் பார்த்தால், உள்ளே லேயின் மெல்லிய காற்று, வெளியே கடல்மட்டக் காற்று. 50 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலமுள்ள மூடியின் மேல் அந்த வேறுபாடு அரை டன்னாக உட்கார்ந்திருக்கும். பெட்டியின் முகப்பில் உள்ள சிறிய வால்வு இதற்காகத்தான். சில பெட்டிகளில் அது கையால் திருகும் குமிழ், சிலவற்றில் காற்றை விட்டுத் தண்ணீரைத் தடுக்கும் சவ்வு. கையால் திருகும் வகையில், திறக்கும் முன் வால்வைத் தளர்த்தினால் சீறலோடு காற்று புகும், மூடி இலகுவாகும். நெம்பித் திறந்தால் உடைவது தாழ்ப்பாள்தான்.

சில பொருள்களைச் சரக்கறைக்கு அனுப்பவே கூடாது. உதிரி லித்தியம் பேட்டரி முதலாவது. சாவியோ நாணயமோ அதன் முனைகளை இணைத்தால் செல் சூடேறி, அந்தச் சூடே மேலும் வினையைத் தூண்டி, நிறுத்த முடியாத சங்கிலியாகும். சரக்கறையில் உள்ள ஹேலான் வாயு சுடரை அடக்கும், செல்லுக்குள் நடக்கும் வினையை நிறுத்தாது. பயணிகள் அறையில் என்றால் பக்கத்தில் ஆள் உண்டு, தண்ணீர் உண்டு. ஆகவே உதிரி பேட்டரி முனைகளை மூடிக் கைப்பையில்தான் கொண்டு போக வேண்டும். 100 வாட்-மணி வரை அனுமதி கேட்க வேண்டியதில்லை, 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும், அதற்கு மேல் தடை. வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் கணக்கு வந்துவிடும். 7.2 வோல்ட், 2,280 மில்லி ஆம்பியர்-மணி உள்ள கேமரா பேட்டரி வெறும் 16.4 வாட்-மணிதான். படம் பதிந்த மெமரி கார்டு சட்டைப்பையில் இருக்கட்டும். கேமரா உடைந்தால் வாங்கலாம், கார்டில் உள்ளது திரும்ப வராது. ஸ்கேனரின் எக்ஸ்ரே கார்டையும் சென்சாரையும் ஒன்றும் செய்யாது, பிலிமை மட்டும் கெடுக்கும். செக்-இன் பெட்டிகளுக்கான ஸ்கேனரின் கதிர் வலுவானது. கைப்பைகளுக்கும் இப்போது பரவிவரும் சிடி ஸ்கேனர்கள், கழுவாத பிலிமில் புகைபோல் மூட்டம் படியச் செய்யும் என்று கோடாக் எச்சரித்திருக்கிறது. கையால் சோதிக்கும்படி கேட்பது ஒன்றே வழி. உள்நாட்டு விமானங்களில் கைப்பைக்குப் பெரும்பாலும் 7 கிலோதான் என்பதால், எது கையோடு, எது பெட்டியில் என்று முதல் நாளே எடை போட்டுப் பிரித்துவிட வேண்டும்.

இறங்கிய பிறகு இன்னும் ஒரு கட்டம் இருக்கிறது. சென்னையின் காற்று பல மாதங்களில் 25 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதன் மேலும் நீராகப் படியும். நெடுநேரம் குளிர்ந்த சரக்கறையில் இருந்துவிட்டு வந்த கேமராவை வாசலிலேயே எடுத்தால் முன்கண்ணாடி நொடியில் வெளுத்துவிடும். துடைத்தால் போய்விடும். ஆனால் அந்த நேரத்தில் லென்ஸைக் கழற்றினால், துடைக்க முடியாத உட்பக்கத்திலும் ஈரம் புகும், பூஞ்சை பிடிக்க அது வழிசெய்யும். மூடியபடியே வைத்து அறைவெப்பத்துக்கு வரவிட வேண்டும். இங்கே நுரை கொஞ்சம் சோதிக்கும். விழும்போது காத்த அதே காற்றறைகள் வெப்பத்தையும் தடுப்பதால், பெட்டியின் வெளிப்புறம் வெதுவெதுப்பானாலும் உள்ளே லென்ஸ் குளிர்ந்தே கிடக்கும், பல மணி நேரம்கூட ஆகலாம். அவசரமென்றால், ஊரை விட்டுக் கிளம்பும்போதே கேமராவைக் காற்றை அமுக்கி வெளியேற்றிய பாலித்தீன் பையில் கட்டி, அதன் பிறகே நுரையில் வைத்திருக்க வேண்டும். அப்போது பையோடு வெளியே எடுத்து மேசையில் வைக்கலாம். நீர் பையின் மேல்தான் கோக்கும். அது தானாக உலர்ந்த பிறகு முடிச்சை அவிழ்க்கலாம்.