உறையை அளக்கலாம், அளவை நம்பலாமா?

திருகு அளவியால் ஒரு கம்பியின் விட்டத்தைப் பத்து முறை அளக்கிறீர்கள். பத்து முறையும் ஒரே விடை! ஆனால் சுழிப்பிழையைத் திருத்தாவிட்டால் பத்தும் தவறே. மூளையை அளப்போருக்கும் இதே தொல்லை உண்டு.

நம் நரம்பிழைகள் பலவற்றின்மேல் மயலின் என்னும் கொழுப்புறை பாய்ச்சுருள் போலச் சுற்றியிருக்கிறது. உறையுள்ள தடித்த இழையில் செய்தி விநாடிக்கு 100 மீட்டர் வரை விரையும். உறையற்ற மெல்லிய இழையிலோ ஏறத்தாழ 1 மீட்டர்தான். தண்டுவட மரப்பு நோயில் இவ்வுறை சிதைகிறது. மருந்து அதை மீண்டும் வளர்க்கிறதா என்றறிய, உயிருள்ளவரின் மூளையை அறுத்தா பார்ப்பது?

இங்கேதான் காந்த ஒத்ததிர்வுப் படக்கருவி உதவுகிறது. ஆனால் அது காண்பது மயலினை அன்று. நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்களை. 1.5 டெஸ்லா புலத்தில் சுமார் 64 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையால் அவற்றைத் தட்டி எழுப்புகிறார்கள். சுசீந்திரம் கோயிலின் இசைத்தூணைத் தட்டினால் ஒலி எழுந்து தேய்கிறதல்லவா? அதுபோல இக்குறிகையும் தேயும். உறைச் சுற்றுகளுக்கிடையே சிக்கிய நீரின் குறிகை ஏறத்தாழ 20 மில்லிவிநாடியில் தேய்கிறது. மற்ற திசுநீருக்கு 70, 80 ஆகும். விரைந்து தேய்வது மொத்தத்தில் எத்தனை பங்கு? அதுவே மயலின் நீர்ப் பின்னம். உயிருள்ள மனித மூளையில் இதைக் கனடாவின் மக்கே குழுவினர் 1994இல் படமாக்கிக் காட்டினர்.

சிக்கல் இனிதான். கருவிக்குக் கிடைப்பது கலந்த ஒலி ஒன்றே. அதைக் கணக்கிட்டுப் பிரிக்கும்போது சிறு இரைச்சல்கூட விடையைப் பெரிதும் மாற்றிவிடும். ஒருவரையே இருமுறை படமெடுத்தால் விடைகள் 5 விழுக்காடு வேறுபடுகின்றன என்று கொள்வோம். அப்போது மருந்துக்குப்பின் தெரியும் 3 விழுக்காட்டு உயர்வைக் கண்டு மகிழ்வதற்கில்லை.

ஒரே விடை வந்தாலும் அது மயலின்தானா? திசு வீங்கி நீர் கூடினால், உறை குறையாமலே பின்னம் குறையும். வேறு சில முறைகளை இரும்புச்சத்து ஏமாற்றும். ஆகவே தானமாகப் பெற்ற மூளையைப் படமெடுத்து, பின் சீவிச் சாயமேற்றி ஒப்பிடுகிறார்கள். அங்கும் பாருங்கள், பதப்படுத்தும் ஃபார்மலின் தேய்வுநேரங்களையே மாற்றிவிடுகிறது! இத்தகைய ஒப்பீடுகள் பலவற்றைத் தொகுத்த 2020ஆம் ஆண்டு ஆய்வில், பெரும்பாலான முறைகள் மயலினோடு ஒத்துப்போயின. எதுவும் தனிவெற்றி பெறவில்லை.

முழு மூளையையும் சீவிப் படமாக்கும் கலை நம் சென்னை ஐ.ஐ.டி.யில் வளர்ந்துள்ளது. கருவிலுள்ள சிசுவின் மூளையை 5132 சீவல்களில் காட்டும் 'தரணி' வரைபடத்தை 2024இல் அங்கே வெளியிட்டனர். அந்தப் பருவத்துப் பெருமூளையில் மயலின் உருவாகத் தொடங்கியிருப்பதே அரிது. நம் வினாவுக்கு வேண்டியது வளர்ந்த மூளையின் சீவல்கள்.