ஒட்டோமற்றிக் காருக்கு எல்.எஸ்.டி. போடலாமா?

இந்த வாரம் ஒரு தம்பி அனுப்பின கேள்வி இது: “அண்ணா, என்ர கார் ஒட்டோமற்றிக். அதுக்கு எல்.எஸ்.டி. போடேலுமா? போட்டா ஸ்னோவில ஏத்தம் ஏறுமா?” மைக்குக்கு முன்னால கையைச் சுழட்டிக் காட்டி இதை விளங்கப்படுத்த ஏலாது. அதனால் எழுத்தில் தருகிறேன்.

முதலில் டிபரன்சியல். வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சில்லு கூடுதல் தூரம் ஓட வேண்டும். இரண்டு சில்லும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடுவதுதான் டிபரன்சியலின் வேலை. ஆனால் சாதாரண டிபரன்சியல் இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் கொடுக்கும். ஹோல்மென்கொல்லன் ஏற்றத்தில் வலது சில்லு ஐஸில், இடது சில்லு காய்ந்த தாரில் நிற்கிறது எண்டு வையுங்கோ. ஐஸ் பக்கம் 100 நியூட்டன் மீற்றர்தான் தாங்கும் என்றால், நல்ல பிடியுள்ள பக்கத்துக்கும் 100 தான். ஒரு சில்லு சும்மா சுத்தும், கார் அசையாது.

இதைத் தடுக்க வந்ததுதான் லிமிட்டெட் ஸ்லிப் டிபரன்சியல். 1930களில் ஓட்டோ யூனியன் பந்தயக் கார்களில் ஒரு பின்சில்லு மட்டும் வீணாகச் சுற்றியதால், ஃபெர்டினண்ட் போர்ஷே இசட்.எஃப். நிறுவனத்திடம் ஒன்றைச் செய்யச் சொன்னார். இன்று அதிகம் காண்பது இரண்டு வகை. ஒன்றில் கிளச் தட்டுகள் உரசி இரண்டு பக்கத்தையும் பிணைக்கும். மற்றதில் தட்டே இல்லை. சரிவான பற்கள் உள்ள கியர்களே அந்த வேலையைச் செய்யும். டோர்சன், குவைஃப் எல்லாம் இந்த இரண்டாவது வகை.

இப்ப கேள்விக்கு வருவம். கியர் ஒட்டோமற்றிக்கா மனுவலா என்பதை விட, டிபரன்சியல் எங்கே இருக்கிறது, எந்த ஒயிலில் ஓடுகிறது என்பதுதான் முக்கியம்.

பின்சில்லு இழுக்கும் பி.எம்.டபிள்யூ. போன்ற காரில் டிபரன்சியல் பின்னால் தனிப் பெட்டியில், தன் சொந்த ஒயிலோடு இருக்கும். அதை மாற்றக் கியர்பொக்ஸைத் தொடவே தேவையில்லை.

முன்சில்லு இழுக்கும் காரில் கதை வேறு. அங்கே டிபரன்சியல் கியர்பொக்ஸுக்குள்ளேயே இருக்கும். பல ஒட்டோமற்றிக்குகளில் இரண்டுக்கும் ஒரே ஒயில். கிளச் தட்டு வகைக்கு உராய்வைச் சீராக்கும் சேர்க்கை கலந்த ஒயில் தேவை. அதை ஒட்டோமற்றிக்குக்குள் ஊற்றினால் கியர் மாற்றும் கிளச்சுகளே குழம்பிவிடும். தட்டுகள் தேய்ந்து வரும் தூளும் அதே ஒயிலில்தான் சுற்றும். ஆகவே இங்கே பொருந்துவது பற்சக்கர வகை. அதற்கும் கியர்பொக்ஸை இறக்கி, பிரித்து, பெயரிங் இறுக்கத்தைத் துல்லியமாக அளந்து பூட்ட வேண்டும். சாமானை விடக் கூலி கூட வந்தாலும் ஆச்சரியமில்லை.

சரி, போட்டாச்சு. ஏத்தம் ஏறுமா? பற்சக்கர வகை ஒரு பெருக்கல் கணக்கு. பிடி குறைந்த சில்லு தாங்குவதைப் போல ஏறக்குறைய 3 மடங்கை மற்றப் பக்கத்துக்குக் கொடுக்கிறது எண்டு வையுங்கோ. ஐஸ் பக்கம் 100 என்றால் மற்றது 300. கார் ஏறும். ஐஸ் பக்கம் பூச்சியம் என்றால்? 3 தர 0, பூச்சியம்தான். அந்த நேரம் கை கொடுப்பது பிரேக். ஐரோப்பாவில் புதிய கார்களுக்கு 2014 முதல் கட்டாயமான இ.எஸ்.பி. இருக்கும் கார்களில், பொதுவாக அதே சென்சர்களே சுற்றும் சில்லைப் பிடித்து பிரேக் போடும். அந்த எதிர்ப்பு கிடைத்ததும் மற்றப் பக்கம் இழுக்கத் தொடங்கும். இந்த வேலை சாதாரண டிபரன்சியலிலும் நடக்கும். உங்கட காரில் அது ஏற்கனவே இருக்கலாம்.

இன்னொரு விஷயம், இது உயிரோடு விளையாடுறது. இறுக்கமான தட்டு வகையைப் பின்சில்லுக் காரில் போட்டு, முழு ஐஸ் வீதியில் காலை அழுத்தினால் இரண்டு பின்சில்லும் ஒன்றாகச் சுற்றும். பக்கவாட்டுப் பிடி போய், வால் வழுக்கும். ருட்ஸ்கோகன் ஓட்டப்பாதையில் டிரிஃப்ட் அடிக்கிறவைக்கு அதுதான் வேணும். அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஸ்தொவ்னர் போறவைக்கு வேண்டாம்.

மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். 2024இல் நோர்வேயில் விற்ற புதிய கார்களில் ஏறக்குறைய 89 வீதம் மின்சாரக் கார்கள். ஒரே கியர் என்றாலும் அவற்றுக்குள்ளும் டிபரன்சியல் உண்டு. பெரும்பாலானவை பிரேக்கால்தான் சமாளிக்கின்றன.

தம்பிக்கு என்ர பதில்: பனிக்காக மட்டும் என்றால் முதல் காசை நல்ல வின்டர்டெக்கில் போடுங்கோ. சட்டம் கேட்பது 3 மில்லிமீற்றர் ஆழம்தான், அதுக்குக் கிட்ட வரும்வரை காத்திருக்காதேங்கோ. ஓட்டப்பாதையில் ஓடத்தான் ஆசை என்றால் எல்.எஸ்.டி. நல்ல சாமான். வேலை தொடங்க முன்னம் வேக்வேசனிடமும் காப்புறுதியிடமும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கோ.

உங்கட காரில் டிபரன்சியல் எங்க இருக்கு, ஒயில் தனியா சேர்த்தா? பார்த்து எழுதி அனுப்புங்கோ. அடுத்த பகுதியில் கதைப்பம்.