ஒரு டிஏசி, ரெண்டு ஜாக்: வால்யூமுக்கு என்ன பேர் வைக்கறது?

(பேச்சின் எழுத்து வடிவம். திரும்பத் திரும்பச் சொன்னவற்றைக் குறைத்திருக்கிறோம்.)

காஞ்சிபுரத்துல இருந்து ஒரு நேயர் எழுதியிருந்தார். அவருக்குப் பார்வை கிடையாது. லினக்ஸ்ல ஆர்கா திரைவாசிப்பானை வெச்சுதான் எல்லா வேலையும். பழைய லேப்டாப். ஹெட்போன் மாட்டினா சத்தம் வருது, கழட்டினா ஸ்பீக்கர் ஊமை. நமக்கு அது ஒரு எரிச்சல், அவ்வளவுதான். அவருக்கு அந்த நொடியே திரை அணைஞ்ச மாதிரி. சரிசெய்யப் போனாலும், எங்க இருக்கோம்னு சொல்ல குரல் இல்லை.

ஸ்பீக்கரும் நல்லா இருக்கு, டிரைவரும் இருக்கு. கோளாறு ஒரு பேர்ல.

காஞ்சிபுரத்துல கீழ தறிக்கூடம், மாடியில குடித்தனம்னு ஒரு வீடு இருக்குன்னு வெச்சுக்குவோம். ரெண்டுக்கும் தண்ணி ஒரே கேட் வால்வு வழியா போகுது. ஆனா வால்வு மேல யாரோ ‘மாடி’ன்னு மட்டும் எழுதிட்டாங்க. மாடி காலியானதும் கீழ இருக்கறவர் நல்லெண்ணத்தோட அதை மூடுறார். கீழயும் தண்ணி நின்னுடும்.

லேப்டாப் சவுண்ட் சிப்புக்குள்ளேயும் இதேதான். எண்களை மின் அலையா மாத்துற பகுதிக்கு டிஏசின்னு பேர். செலவைக் குறைக்க, ஹெட்போனுக்கும் ஸ்பீக்கருக்கும் ஒரே டிஏசி போட்டிருப்பாங்க. வால்யூம் ஏத்தி இறக்கறது பெரும்பாலும் அங்கதான். அந்த வால்யூமுக்கு டிரைவர் ‘ஹெட்போன்’னு பேர் வெச்சா என்ன ஆகும்? மேலே இருக்கற பல்ஸ்ஆடியோவுக்கு வன்பொருள் தெரியாது, பேர்தான் தெரியும். ஸ்பீக்கருக்கு மாறும்போது ‘ஹெட்போன்’ங்கற கன்ட்ரோலை அணைக்கச் சொல்லி அதோட அமைப்புக் கோப்புல எழுதியிருக்கு. அது சொன்னபடி அணைக்குது. பைப்வயரும் இந்தக் கோப்புகளோட வழியிலதான் போகுது.

ஆல்சாவுல பேருக்கு ஒரு இலக்கணம் உண்டு: மூலம், திசை, செயல். ‘ஹெட்போன் பிளேபேக் வால்யூம்’, ‘ஸ்பீக்கர் பிளேபேக் ஸ்விட்ச்’ இப்படி. மொத்தம் 44 பைட்டுக்குள்ள அடங்கணும். இன்டெல் எச்டி ஆடியோ சிப்புகளுக்கான பொதுப் பாகுபடுத்தியில, பகிர்வு இருந்தா என்ன பேர்னு தனியாவே ஒரு ஃபங்ஷன் எழுதியிருக்காங்க. எல்லா வெளியீட்டுக்கும் ஒரே டிஏசின்னா ‘மாஸ்டர்’. மியூட் விளக்கு மாதிரி ஏதாவது மாஸ்டரோட கட்டியிருந்தா மட்டும் ‘பிசிஎம்’. டெஸ்க்டாப்ல பின்பக்கப் பச்சை ஜாக்கும் முன்பக்க ஹெட்போனும் பகிர்ந்தா ‘ஹெட்போன்+எல்ஓ’. எல்ஓன்னா லைன் அவுட். பார்க்க அழகா இல்லைதான், ஆனா பொய் சொல்லாத பேர்.

சரி, இஷ்டத்துக்கு ஒரு நல்ல பேர் வைக்கலாமேன்னு கேப்பீங்க. முடியாது. மாஸ்டர் வால்யூமை நகர்த்தினா கூடவே நகர வேண்டிய கன்ட்ரோல்களோட பேர்ப் பட்டியல் டிரைவருக்குள்ளயே இருக்கு. அதுல இல்லாத பேர் வெச்சா மாஸ்டர் அதைத் தொடவே தொடாது. பல்ஸ்ஆடியோ கோப்புலயும் அதே பேர் இருக்கணும். போதாததுக்கு, ஷட்டவுன் பண்ணும்போது ஆல்சா நிலையைச் சேமிச்சு வைக்கறதும் பேரை வெச்சுத்தான். இன்னைக்குப் பேரை மாத்தினா யாரோ ஒருத்தரோட பழைய அமைப்பு தொலையும்.

இன்னொரு நுணுக்கம். வால்யூம் பகிர்வா இருந்தாலும் மியூட் தனித்தனியா இருக்கலாம், ஏன்னா மியூட் ஜாக் பக்கத்துல இருக்கற பின்லயே இருக்கும். அதனால டிரைவர் ரெண்டையும் தனித்தனியா பார்த்துப் பேர் வைக்குது. ஆல்சாமிக்சரைத் திறந்து எஃப்6 அழுத்தி உங்க கார்டைத் தேர்ந்தெடுங்க. ‘ஹெட்போன்’ல பட்டையே இல்லாம எம்எம் மட்டும் தெரிஞ்சா, ‘ஹெட்போன்+எல்ஓ’ன்னு பக்கத்துல எங்கயாவது பட்டை இருக்கான்னு பாருங்க. கெட்டுப்போன கார்டு இல்லை அது.

நம்ம நேயர் புது கர்னலுக்கு மாறினார். பேர் மாறிடுச்சு, ஸ்பீக்கர் பேசுது. மாறற வேலையை முழுக்க ஹெட்போன் மாட்டிக்கிட்டே செஞ்சாராம்.

உங்களுக்கு இதே சிக்கல் புது கர்னல்லயும் இருந்தா, வழு அறிக்கையோட ஆல்சா-இன்ஃபோ வெளியீட்டையும் சேர்த்து அனுப்புங்க. எந்தப் பின் எந்த டிஏசிக்குப் போகுதுன்னு அதுல இருக்கும். “சத்தம் வரலை”ன்னு மட்டும் எழுதினா யாராலயும் ஒண்ணும் செய்ய முடியாது.