217-ஆம் எண் அறையில் ஏன் தூக்கம் பிடிப்பதில்லை?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ராக்கி மலைத்தொடரில் சுமார் 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது ஸ்டான்லி ஹோட்டல். திறந்தது 1909-இல். 1974-இல் எழுத்தாளர் ஸ்டீபன் கிங் இங்கே 217-ஆம் எண் அறையில் ஓர் இரவு தங்கினார். அதிலிருந்து பிறந்ததுதான் ‘தி ஷைனிங்’ என்ற பேய் நாவல். அப்புறமென்ன, அந்த அறைக்கு ஏகக் கிராக்கி. காசு கொடுத்துப் பயப்படுகிறார்கள்!

அங்கே ராத்திரி காலடிச் சத்தம் கேட்டதாகச் சொல்பவர்கள் பொய் சொல்ல வேண்டியதில்லை. மலையில் பொழுது சாய்ந்ததும் குளிர் இறங்கும். பகலில் சூடேறிய பழைய கட்டடம் சுருங்கத் தொடங்கும். பலகையை ஆணி பிடித்துக்கொண்டிருப்பதால் சீராகச் சுருங்க முடியாது. இழுவிசை சேர்ந்துகொண்டே போய், சட்டென்று வழுக்கும். ‘டக்’. கொஞ்சம் தள்ளி இன்னொரு பலகை, இன்னொரு ‘டக்’. யாரோ நடக்கிற மாதிரியே இருக்கும்.

சொந்த வீட்டிலும்தான் கதவு, ஜன்னல் முனகுகிறது. அங்கே ஏன் விழிப்பதில்லை? புது இடத்தில் மூளை முழுசாகத் தூங்குவதில்லை. 2016-இல் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிலரை ஆய்வுக்கூடத்தில் தூங்கவைத்துச் சோதித்தார்கள். முதல் முறை தூங்கியபோது மூளையின் இடப்பாதியில் ஒரு பகுதி மட்டும் ஆழ்ந்து உறங்காமல் காவல் காத்தது. வலக்காதில் விழுந்த வித்தியாசமான ஒலி அவர்களை எளிதில் எழுப்பியது. வலக்காதின் சேதி பெரும்பாலும் இடப்பாதிக்குத்தான் போகும். அடுத்த முறை அதே இடத்தில் தூங்கியபோது இந்த ஏற்றத்தாழ்வு காணாமல் போயிருந்தது. பேய் பார்க்கப் போகிறவர்களில் இரண்டாவது ராத்திரிக்கும் தங்குபவர் எத்தனை பேர்?