கேரளாவுக்குப் போகும் வெண்டைக்காய், பள்ளிக்கூட சாம்பாருக்கு வருமா? தென்காசியின் தோட்டக் கணக்கு!

ஓணம் நெருங்கும் நாள்களில் பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட்டை எட்டிப் பார்த்திருக்கிறீர்களா? வெண்டை, கத்தரி, புடலை, தடியங்காய், சின்ன வெங்காயம், முருங்கை என்று மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். விலை பேசி முடிந்ததும் லாரிகள் செங்கோட்டை, புளியரை வழியாக மலையேறி, ஆரியங்காவு தாண்டிப் போய்விடும். புனலூரிலும் கொல்லத்திலும் அவியலுக்கு வெட்டுகிற காயில் நம்ம ஊர் மண் ஒட்டியிருக்கும்.

இத்தனை காய் விளைகிற மாவட்டத்தில், பள்ளிக்கூடத்தில் சாப்பிடும் பிள்ளையின் தட்டில் எவ்வளவு காய் விழுகிறது?

விதிப்படி, மதிய உணவில் தொடக்கப்பள்ளி மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 கிராம் காய்கறி. 6 முதல் 8-ம் வகுப்பு வரை 75 கிராம். இது சின்ன விஷயமில்லை. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கு விரிவானது. அம்மா பீடி சுற்றவும், அப்பா வயல் வேலைக்கும் போகிற வீட்டுப் பிள்ளைகள் பலருக்கு இன்று காலை, மதியம் இரண்டு வேளையும் பள்ளிக்கூடத்தில்தான். அந்தத் தட்டில் காய் குறைந்தால், ராத்திரி வீட்டில் அது ஈடாகும் என்று நம்ப முடியாது. தமிழ்நாட்டில் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. அதன் தொடக்கம் பல நேரம் பள்ளி வயதில்தான்.

பள்ளிக்கூடச் சோற்றுக்கும் இந்தப் பக்கத்துக்கும் பழைய உறவு உண்டு. தென்காசி ரயில் பாதையில் இருக்கிற சேரன்மகாதேவியில், ரயில்வே கேட் அருகே ஆடு மேய்த்த சிறுவர்களிடம் காமராஜர் பேச்சுக் கொடுத்த கதையை இன்றும் சொல்வார்கள். ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை என்று அவர் கேட்க, போனால் சோறு போடுவார்களா என்று பையன் திருப்பிக் கேட்டானாம். 1956-ல் மதிய உணவுத் திட்டம் தொடங்கிய எட்டயபுரமும் அன்று இதே திருநெல்வேலி மாவட்டம்தான். (அதே ஆண்டு நவம்பர் 1-ல்தான் செங்கோட்டை தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதுவரை அது மலையாள தேசத்துக் கணக்கு!)

சோறு வந்துவிட்டது. காய்தான் இன்னும் சந்தை விலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. தக்காளி விலை எகிறினால், அன்றைய சாம்பாரில் தக்காளி தேட வேண்டும். காய்கறிக்குக் கொடுக்கப்படும் தொகை விலையோடு சேர்ந்து ஏறுவதில்லை.

இதற்கு ஒரு வழியாகத்தான் 2019 அக்டோபரில் மத்திய அரசு, பள்ளி ஊட்டச்சத்துத் தோட்டங்களுக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. அடுத்த மாதமே, நவம்பர் 22-ல் தென்காசி தனி மாவட்டமானது. இடம் இருந்தால் பாத்தி, இல்லையென்றால் தொட்டி, அதுவும் இல்லையென்றால் மொட்டை மாடி என்கிறது அந்த வழிகாட்டுதல். விளைந்ததைச் சத்துணவுக் கூடத்துக்கே கொடுக்க வேண்டும்.

### எத்தனை கிலோ வேண்டும்?

60 பிள்ளைகள் படிக்கும் ஒரு தொடக்கப்பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 50 கிராம் என்றால் நாளுக்கு 3 கிலோ. ஆண்டுக்கு 220 நாள் என்றால் 660 கிலோ. கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும் ஒன்றிரண்டு சென்ட்டில் இவ்வளவையும் எடுத்துவிட முடியாது. முடியும் என்று விழா மேடையில் யாராவது சொன்னால், அவர் வெண்டைச் செடி வைத்துப் பார்த்ததில்லை என்று அர்த்தம்.

ஆனால், தோட்டம் வேறொன்றைச் செய்யும். சந்தையில் வாங்கினால் வாடிவிடுகிற, பட்ஜெட்டில் முதலில் வெட்டுப்படுகிற பச்சையைக் கொடுக்கும். முருங்கைக்கீரை, அகத்தி, பொன்னாங்கண்ணி, தண்டுக்கீரை, கறிவேப்பிலை, பப்பாளி. சத்துணவுப் பட்டியலில் கறிவேப்பிலை சாதம், கீரை சாதம், எலுமிச்சை சாதம் எல்லாம் இருக்கின்றன. எலுமிச்சைக்குப் பேர்போன புளியங்குடி இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு எலுமிச்சை பிழிந்தால், அதன் வைட்டமின் சி அதிகம் வீணாகாது. கீரையிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்கவும் அது உதவும். வீட்டுச் சமையலுக்கும் இதே கதைதான்.

### சாரலும் பள்ளி மணியும்

காலண்டரில் தென்காசிக்கு ஓர் அதிர்ஷ்டம் உண்டு. ஜூனில் பள்ளி திறக்கும், குற்றாலத்தில் சீஸனும் தொடங்கும். செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் ஈரக்காற்றும் சாரலும், தமிழ்நாட்டின் மற்ற பல இடங்கள் வெயிலில் காயும்போது இங்கே மண்ணை நனைத்து வைக்கும். ஜூனில் மண்ணைக் கொத்தி, தொழு உரம் போட்டு, 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்ற சொல்படி விதைத்தால், கீரை 25 நாளில் கைக்கு வரும். வெண்டை 45 நாளில் காய்க்கத் தொடங்கும். காலாண்டுத் தேர்வுக்கு முன்பே முதல் பறிப்பு முடிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி அடுத்த நடவு. குற்றாலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் ஜாதிக்காயும் கிராம்பும் வைத்துப் பார்த்தது இந்தக் காற்றை நம்பித்தான்.

ஆனால் இது மலையடிவாரத்தின் கதை. ஆலங்குளம், சங்கரன்கோவில் பக்கம் போனால் காற்று மட்டும்தான் வரும், மழை வராது. அங்கே அரிசி களைந்த தண்ணீரும், பிள்ளைகள் தட்டு கழுவும் தண்ணீரும்தான் தோட்டத்தின் வாய்க்கால். சோப்பு கலக்காத தண்ணீரை வாழைக்கும் கீரைக்கும் திருப்பிவிட்டு, பாத்தியில் காய்ந்த சருகை மூடாக்காகப் போட்டால் ஈரம் நிற்கும். குற்றாலம் பக்கத்துப் பிரச்னை வேறு: குரங்கு. டூரிஸ்ட் கையிலிருந்து சிப்ஸைப் பிடுங்குகிற குரங்கு, தக்காளி பழுக்கும்வரை காத்திருக்காது. அங்கே கீரை, சேனை, மஞ்சள் போன்றவை கொஞ்சம் பாதுகாப்பு.

### எல்லாம் மே மாதத்தில்

பள்ளித் தோட்டங்கள் பெரும்பாலும் சாவது பூச்சியால் அல்ல, கோடை விடுமுறையால். ஏப்ரல் கடைசியில் கேட்டைப் பூட்டினால், ஜூனில் திறக்கும்போது பாத்தி இருந்த இடமே தெரியாது. தோட்டத்தில் ஆர்வமுள்ள ஆசிரியர் இடமாறுதலில் போனாலும் இதே கதிதான். தேசிய பசுமைப் படை மாணவர்கள் எவ்வளவு ஆசையாக நட்டிருந்தாலும், 10 வயதுப் பிள்ளையை மே மாத வெயிலில் குடத்தோடு வரச்சொல்ல முடியாது. தோட்டத்தைக் கணக்கில் காட்டச் சொல்லும் சுற்றறிக்கைகள், அந்த 40, 50 நாளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவருக்கு என்ன கூலி என்பதையும் சொன்னால் நன்றாக இருக்கும். ஏற்கெனவே சமையல், பாத்திரம் என்று முதுகு ஒடிகிற சத்துணவு ஆயாவின் தலையில் இதையும் கட்டிவிடுவது நியாயமில்லை.

மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில், 'ஓணத்துக்கு ஒரு முறம் காய்கறி' என்ற அரசுத் திட்டத்தில் மாணவர்களுக்கும் விதைப் பாக்கெட் கொடுக்கிறார்கள். வெளியிலிருந்து வரும் காயைக் குறைக்க வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். வெளி என்றால் நாம்தான். பிரேசில் இன்னொரு வழி கண்டது. பள்ளி உணவுக்காக மத்திய அரசு தரும் நிதியில் குறைந்தது 30 சதவிகிதத்துக்குச் சிறு குடும்ப விவசாயிகளிடம் வாங்கியாக வேண்டும் என்று 2009-ல் கொண்டுவந்த சட்டம் விதித்தது. பாவூர்சத்திரம், சுரண்டை, ஆலங்குளம் சந்தைகளை வைத்துக்கொண்டு தென்காசியில் இதைச் செய்து பார்ப்பது கடினமான காரியமாகத் தெரியவில்லை. விலை சரிந்து, தக்காளியை விவசாயி ரோட்டில் கொட்டும் நாளில், பள்ளிக்கூடம் ஒரு நல்ல வாடிக்கையாளர்.

அது வரும்போது வரட்டும். இந்த ஆண்டே ஏதாவது செய்ய நினைக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு மலிவான வழி, காம்பவுண்ட் சுவர் ஓரம் நாலு முருங்கைப் போத்து. வெட்டிய போத்தை இரண்டு நாள் நிழலில் போட்டு, மேல்முனையில் சாணி அப்பி, தண்ணீர் தேங்காத இடத்தில் ஒன்றரை அடி ஆழத்தில் ஊன்ற வேண்டும். ஆடு எட்டாத உயரம் வரும்வரை முள் கட்ட வேண்டும். வேர் பிடித்துவிட்டால், மே மாதம் கேட் பூட்டியிருந்தாலும் அது பாட்டுக்குத் தழைத்துக்கொண்டு நிற்கும்.